வேட்டுச் சங்கும் கணக்குப் பரீட்சையும்

ஹாலில் முக்கால்வாசிப் பேர் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். பேனாவை மூடினார்கள், விடைத்தாளைக் கவிழ்த்து வைத்தார்கள், கதவைப் பார்த்து நடந்தார்கள். கணக்குப் பரீட்சை பாதிகூட முடியவில்லை. நான் மேற்பார்வைக்கு நின்றவள். "எங்கே போறீங்க?" என்று கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் முதல் ஆள் கதவைத் தாண்டியிருந்தான்.

வெளியே எங்கோ ஒரு சங்கு நீளமாக ஊதிக்கொண்டிருந்தது. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு யார் சொன்னது?

நெய்வேலியில் நடந்த இந்தக் கூத்தைச் சொல்வதற்கு முன்னால் நான் எங்கிருந்து அங்கே போனேன் என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அன்றைக்கு நான் குழம்பியதுபோல் நீங்களும் குழம்புவீர்கள். ஒரு ஊருக்கு ஒரு குழம்பி போதும்.

மணி அடித்தால் நடக்கும் ஊர்

நான் பல்கலைக்கழகத்தின் பரீட்சைப் பிரிவில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தது அறுபதுகளின் தொடக்கத்தில். ஒரே ஒரு கல்லூரியாகத் தொடங்கி, பக்கத்து வயல்களைச் சேர்த்துச் சேர்த்து வளர்ந்த இடம் அது. லைப்ரரியைக் காட்டி "இங்கதாம்மா நான் நாத்து முடி வீசினேன்" என்று சொல்லும் பியூன் ஒருவர் எங்கள் பிரிவிலேயே இருந்தார். மழைக்காலத்தில் வகுப்பறைக்குள் தவளை வந்தால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். அது அதன் பழைய வீட்டுக்கு வருகிறது, அவ்வளவுதான்.

அந்த ஊரை நடத்தியது மணி. வகுப்புக்கு மணி, மெஸ்ஸுக்கு மணி, ராத்திரி விளக்கணைக்க மணி. ஹாஸ்டல் வாசலில் டீக்கடை வைத்திருந்தவர் மணிச் சத்தத்தைக் கேட்டுத்தான் பாலை அடுப்பில் ஏற்றுவார். மதுரைப் பையனும் கோயம்புத்தூர்ப் பையனும் ஒருவர் பேசுவது ஒருவருக்குப் பிடிக்காமல் முறைத்துக்கொண்டிருப்பார்கள். மெஸ் மணி அடித்தால் தோளில் கைபோட்டுக்கொண்டு ஓடுவார்கள். மணி இல்லாமல் எல்லாரும் ஒன்றாக எழுந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: ஸ்டிரைக். பெஞ்சு சத்தம் கேட்ட உடனே வாத்தியார்கள் சாக்பீஸை வைத்துவிட்டு, கல் வரும் என்று ஜன்னலைச் சாத்தப் போவார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாம்புப் பரீட்சை. நான் சேர்வதற்கு வெகுகாலம் முன்னால், கூரை போட்ட ஹாலில் பரீட்சை நடந்துகொண்டிருந்தபோது உத்திரத்திலிருந்து ஒரு சாரைப்பாம்பு விழுந்ததாம். பையன்கள் அத்தனை பேரும் வெளியே. மேற்பார்வை பார்த்த வாத்தியார் அவர்களை வேப்பமரத்தடியில் தள்ளித் தள்ளி உட்காரவைத்து, யாரும் யாரோடும் பேசாமல் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டே இருந்தாராம். பாம்பைப் பிடித்த பிறகு மறுபடி உள்ளே அழைத்துப் போய் எழுதவிட்டாராம். அன்றிலிருந்து எங்கள் பிரிவில் ஒரு வாய்வழக்கு உண்டு: "கண்ணில் இருந்தவன் ஹாலில் இருந்தவன்." விதிப்புத்தகத்தில் இது கிடையாது. விதிப்புத்தகத்தில் இருப்பது வேறு: அனுமதியில்லாமல் ஹாலைவிட்டுப் போனவன் திரும்பி வரக்கூடாது.

பொம்பளை ஒருத்தி வேணும்

அந்த வருஷம் மெட்ரிக்குலேஷனைத் தனியாக எழுதுகிறவர்களுக்காக நெய்வேலியில் ஒரு சென்டர் போட்டார்கள். எழுதுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சுரங்கத்தில் கான்டிராக்ட் வேலை பார்த்தவர்கள். மீதி ஆபீஸ் குமாஸ்தாக்கள், இரண்டு பெண்கள்.

எங்கள் சூப்பரின்டெண்டெண்ட் என் மேசைக்கு வந்து, "மங்கை, அங்க பொம்பளைங்க எழுதுறாங்களாம். சோதிச்சு உள்ள விட பொம்பளை ஒருத்தி வேணும். நீதான் வாயாடி, போய்ட்டு வா" என்றார். வாயாடிக்குக் கிடைத்த பட்டத்தைப் பார்த்தீர்களா! எனக்குத் துணையாக, இல்லை, எனக்கு அதிகாரியாக ஞானப்பிரகாசம் சார் வந்தார். கணக்கு லெக்சரர். பல்கலைக்கழகத்திலேயே படித்து, அங்கேயே வேலைக்குச் சேர்ந்து, அந்த மணியை விட்டு ஒருநாள்கூடப் பிரியாத மனிதர். வரும்போதே ஒரு பித்தளைக் கைமணியைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டு வந்தார்.

கடலூரில் இறங்கி, குறிஞ்சிப்பாடி வழியாக வந்த பஸ்ஸில் ஏறி, நெய்வேலியில் இறங்கியபோது எனக்குத் தலை சுற்றியது. எந்தத் தெருவைப் பார்த்தாலும் அதே தெரு. அதே ஓட்டு வீடு, அதே முருங்கைக் கன்று, அதே கம்பிவேலி. தங்க ஏற்பாடு செய்திருந்த குவார்ட்டர்ஸ் என்று நினைத்து ஒரு வீட்டுக்குள் போய் உட்கார்ந்து, அந்த அம்மாள் கொடுத்த காபியையும் குடித்துவிட்டேன். பிறகுதான் அவர், "நீங்க யாரைத் தேடி வந்தீங்க?" என்று கேட்டார். நான் தேடி வந்த வீடு அடுத்த பிளாக்கில் இருந்தது. "பரவால்லம்மா, எங்க வூட்டுக்காரரே மொத மாசம் ரெண்டு தடவ பக்கத்து வூட்ல செருப்பக் கழட்டிட்டாரு" என்றார். அந்தத் தைரியத்தில்தான் அந்த வாரம் ஓடியது.

பள்ளிக்கூடத்தில் இடம் இல்லாததால் சுரங்கத்துப் பக்கம் ஒரு பெரிய ஷெட்டைப் பரீட்சைக்குக் கொடுத்திருந்தார்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, கண்ணாடி ஜன்னல், நீள பெஞ்சுகள். தமிழும் இங்கிலீஷும் சத்தமில்லாமல் முடிந்தன, மணி அடிக்கும் முன்பே எல்லாரும் தாளைக் கொடுத்துவிட்டார்கள்.

அந்த இரண்டு நாளில் ஒருவனை நான் கவனித்துவிட்டேன். கலியபெருமாள் என்று பெயர். முத்தாண்டிக்குப்பத்திலிருந்து நடந்து வருவான். சுரங்கத்தில் கரி ஓடும் பெல்ட்டிலிருந்து சிந்துவதை அள்ளிப்போடும் கும்பலுக்கு அவன்தான் மேஸ்திரி. உள்ளே வரும்போது ஹால் டிக்கெட்டை இரண்டு கையாலும் நீட்டுவான், சாமி படத்தை நீட்டுவதுபோல.

"எதுக்குப்பா இவ்ளோ பயம்?" என்று கேட்டேன்.

"பயம் இல்லாம இருக்குமாம்மா? மெட்ரிக் பாஸ் பண்ணினா பர்மனன்ட்டுக்கு எழுதிப் போடறன்னு எங்க ஆபீசரு சொல்லிக்கினு இருக்காரு. இந்த வருசத்தோட எனக்கு வயசு தாண்டிப் போவுது. அடுத்த வருசம் பாஸ் பண்ணினா சர்டிபிகேட்டச் சட்டம் போட்டுச் செவுத்துல மாட்டிக்க வேண்டியதுதான்."

"எதுல பயம்?"

"கணக்குலதாம்மா. மீதியெல்லாம் எப்டியோ தள்ளிக்கினு போயிடுவேன்."

கணக்குக்கு எப்போதும் பயந்தவள் நான். கணக்குப் பரீட்சை அன்று காலையில் அவனுக்காகப் பிள்ளையாரிடம் வேண்டிக்கொண்டேன். மேற்பார்வைக்காரி வேண்டிக்கொள்ளக் கூடாது என்று விதி எதுவும் இல்லை.

முதல் சங்கு

கணக்குப் பரீட்சை மத்தியானம். சுரங்கத்தில் பாறையை உடைக்க வேட்டு வைப்பது வழக்கமாகச் சாப்பாட்டு நேரத்தில் முடிந்துவிடுமாம். அன்றைக்கு ஒரு மெஷின் மக்கர் செய்ததில் வேட்டு தள்ளிப்போயிருக்கிறது. இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு சங்கு ஊதியது, கும்பலாக எழுந்தார்கள் என்பதுதான்.

ஆபீஸ் குமாஸ்தாக்களும் இரண்டு பெண்களும் உட்கார்ந்த இடத்திலேயே முழித்தார்கள். எழுந்தது சுரங்கத்து ஆட்கள் மட்டும். ஓடவில்லை, கத்தவில்லை. வேகமாக நடந்தார்கள். கலியபெருமாள் கடைசியாக வந்தான். நான் கதவோரம் சிலைபோல நின்றேன். அவன் என்னைப் பார்த்து, "வாங்கம்மா வெளிய! ஷீட்டு ஒடைஞ்சி வுழும்!" என்றான்.

நான் போனேன். ஏன் போனேன்? நான் மேற்பார்வைக்காரி, சார் சொல்லாமல் நகரக் கூடாது. ஆனால் அவன் குரலில் ஒரு இது இருந்தது. அம்மா "அடுப்பு!" என்று கத்தினால் நாம் யோசிக்கிறோமா? கையை இழுத்துக்கொள்கிறோம் அல்லவா? அப்படி.

உள்ளே ஞானப்பிரகாசம் சாருக்கு வேறு ஒரு அர்த்தம் ஓடியிருக்கிறது. பெஞ்சு சத்தம், கும்பல், வெளிநடப்பு. பல்கலைக்கழகத்துப் பழக்கம். "ஸ்டிரைக்கா? எங்கிட்டேயா?" என்று அவர் கத்தியது வெளியே கேட்டது. அடுத்து கதவு படாரென்று மூடிக்கொண்டது, தாழ்ப்பாள் விழுந்தது.

வெளியே ஒரு மேட்டில் அவர்கள் தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள். யாரும் யாரோடும் பேசவில்லை. கலியபெருமாள் மட்டும் நின்று விரலை நீட்டி எண்ணினான். "ஒண்ணு, ரெண்டு, மூணு..." வேலையிடத்தில் சங்கு ஊதினால் மேஸ்திரிதான் தலை எண்ண வேண்டும். அது அவர்கள் வழக்கம். என்னையும் பார்த்தான். "நீங்க பதினாலு" என்றான். என் வாழ்க்கையில் என்னை யாரும் அப்படி எண்ணியதில்லை.

எண்ணி முடித்தவன் முகம் மாறியது. "தல கொறையுது. சாரு உள்ள இருக்காரு. அந்தப் பொம்பளைங்களும் ஆபீசு ஆளுங்களும் இருக்காங்க" என்றான். சொன்ன வேகத்தில் ஷெட் மூலையைத் திரும்பி ஓடினான். கதவைத் தட்டும் சத்தம். "சார்! வெளிய வாங்க சார்! சார்!" உள்ளேயிருந்து சாரின் குரல்: "ரௌடித்தனமா பண்றே? உன் நம்பர் என்ன? உன் நம்பரைச் சொல்லு!"

வேட்டு வெடித்தது. தரை ஒரு உதறு உதறியது. ஜன்னல் கண்ணாடி கடகடத்தது. கூரையிலிருந்து தூசிதான் விழுந்தது, ஷீட் எதுவும் விழவில்லை. அத்தனை தூரத்துக்கு எதுவும் வராது என்று அவர்களுக்கும் தெரியும். ஆனால் சங்கு ஊதினால் எந்தக் கூரைக்கு அடியிலும் இருக்கக் கூடாது என்று பழக்கப்பட்ட கால்கள். கால்கள் ஹால் டிக்கெட்டைப் பார்ப்பதில்லை.

இரண்டாம் சங்கு

கொஞ்ச நேரத்தில் குட்டைச் சங்கு ஒன்று விட்டுவிட்டு ஊதியது. எல்லாம் சரி, திரும்பலாம் என்று அர்த்தமாம். அவர்கள் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, வரிசையாக ஷெட் வாசலுக்கு வந்தார்கள். கதவு பூட்டியிருந்தது. கலியபெருமாள் அங்கேயே நின்றிருந்தான். மறுபடி தட்டவில்லை. மெதுவாக, "சங்கு ஊதிடுச்சிங்க. வரலாங்களா?" என்றான்.

தாழ்ப்பாள் திறந்தது. சார் தலையில் தூசி. முகம் வெளுத்திருந்தது. கையில் ரிப்போர்ட் எழுத எடுத்த தாள்.

"யாரும் உள்ளே வரக் கூடாது. ஹாலை விட்டுப் போனவன் போனவன்தான். அதுலயும் இவன்..." என்று கலியபெருமாளைக் காட்டினார், "இவன்தான் தலைவன். வெளியே நின்னு நம்பர் சொல்லிக்கிட்டிருந்தான். எனக்குக் காது கேட்கும். கணக்குப் பரீட்சையில விடை சொல்லிக் கொடுக்கறியா?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "சார், அது தலை எண்ணினது சார். பதினாலாவது தலை நான்."

"நீ எப்போ வெளியே போனே?"

"இவங்களோடதான் சார்."

"மேற்பார்வைக்காரி வெளிநடப்புல போனியா? கர்த்தாவே!"

வாயாடி என்று பெயர் வாங்கியாயிற்று, இனி என்ன? "சார், பாம்புப் பரீட்சை" என்றேன். "இவங்க தள்ளித் தள்ளி உட்கார்ந்தாங்க. ஒருத்தருக்கொருத்தர் பேசல. முழு நேரமும் என் கண்ணுலதான் இருந்தாங்க. நான் போனதாலதான் பார்க்க முடிஞ்சது."

சாரின் உதடு எதையோ கூட்டிக் கழிப்பதுபோல அசைந்தது. அது பல்கலைக்கழகத்து வழக்கு, அவரால் தள்ளவும் முடியவில்லை. இது பல்கலைக்கழகம் இல்லை, அவரால் ஏற்கவும் முடியவில்லை. கடைசியில், "மத்தவங்க உள்ளே போகட்டும்" என்றார். "ஆனா இவன் உன் கண்ணுல இல்லை. மூலை திரும்பி ஓடி வந்தான். நீயே சொல்லு, இருந்தானா?"

இல்லை. அதுதான் உண்மை. மூலை திரும்பியதிலிருந்து கதவுக்கு வரும்வரை அவன் யார் கண்ணிலும் இல்லை. எனக்குப் பொய் வாயில் வந்தது, விழுங்கினேன். பொய் சொன்னால் மீதிப் பேருக்கும் ஆபத்து. "கதவுகிட்ட வந்தப்புறம் உங்க கண்ணுல இருந்தார் சார்" என்றேன். "நடுவுல கொஞ்ச தூரம்தான்..."

"அந்தக் கொஞ்ச தூரத்துல என்ன பண்ணினே?" சார் அவனிடமே கேட்டார்.

கலியபெருமாளுக்குக் கேள்வியே புரியவில்லை. என்னைப் பார்த்தான், சாரைப் பார்த்தான். "ஒங்களத்தாங்க நெனச்சிக்கினு ஓடியாந்தேன்" என்றான். "எண்ணிப் பாத்தேன், தல கொறைஞ்சிது. பெரியவரு, ஊருக்குப் புதுசு, சங்கு தெரியாதே, உள்ள மாட்டிக்கினாரேன்னு."

சார் கையிலிருந்த தாளை இரண்டாக மடித்தார். நான்காக மடித்தார். சட்டைப் பையில் போட்டார். "போய் உட்கார்" என்றார்.

கைமணி

போன நேரம் போனதுதான். நேரத்தைக் கூட்டிக் கொடுக்க எங்கள் இருவருக்குமே அதிகாரம் கிடையாது. ஐந்து மணிக்கு முடிய வேண்டிய பரீட்சை ஐந்து மணிக்கு முடிய வேண்டும். கலியபெருமாள் குனிந்தவன் நிமிரவில்லை. அவன் பெஞ்சைக் கடந்தபோதெல்லாம் நான் வேறு பக்கம் பார்த்தேன். பார்த்தால் என் முகமே ஏதாவது சொல்லிவிடும்.

ஐந்து மணிக்கு சார் பித்தளை மணியை எடுத்து அடித்தார். பல்கலைக்கழகத்தில் அந்த மணிக்குப் பேனா தானாகக் கீழே விழும். இங்கே குமாஸ்தாக்களும் பெண்களும் எழுந்து தாளைக் கொடுத்தார்கள். சுரங்கத்து ஆட்கள் ஒருவரும் அசையவில்லை. எழுதிக்கொண்டே இருந்தார்கள். சார் மறுபடி அடித்தார். மணிச் சத்தம் அவர்கள் காதில் ஏறவே இல்லை, ஏதோ மாட்டுக் கழுத்து மணி கேட்பதுபோல.

சார் கலியபெருமாள் பெஞ்சுக்குப் போய், "நேரம் ஆச்சுப்பா" என்றார்.

அவன் தலையைத் தூக்கி, நிஜமான குழப்பத்தோடு கேட்டான்: "சங்கு ஊதலீங்களே?"

சார் கடிகாரத்தைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். அடுத்த சங்கு எத்தனை மணிக்கு ஊதும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியாது. நாற்காலியில் போய் உட்கார்ந்தார், கைமணியைத் துணியில் சுற்ற ஆரம்பித்தார். ஒரு மணியைச் சுற்ற அவ்வளவு நேரம் ஆகும் என்று நான் நினைத்ததே இல்லை. சுற்றினார், பிரித்தார், மணியின் நாக்கைத் துடைத்தார், மறுபடி சுற்றினார்.

"மங்கை" என்றார் என்னைப் பார்க்காமல். "ஆமாம். இன்னும் ஊதலை."

போன நேரம் அளவுக்கு ஆனதும் பெட்டியைப் படாரென்று மூடினார். அந்தச் சத்தத்துக்கு எல்லாரும் நிமிர்ந்தார்கள். தாளை வாங்கினோம்.

அவர் செய்தது சரியா, தப்பா? முப்பது வருஷம் பரீட்சைப் பிரிவில் இருந்து பென்ஷன் வாங்குகிறேன். எத்தனையோ தகராறுகளுக்கு விதியைச் சொல்லித் தீர்த்தவள். இதற்கு மட்டும் இன்றுவரை பதில் தெரியவில்லை. ஆனால் அன்றைக்கு பஸ்ஸில் திரும்பும்போது அந்த மனிதர் மேல் எனக்கு வந்த மரியாதை பிறகு குறையவே இல்லை.

தலை எண்ணியவன்

கலியபெருமாள் கணக்கில் பாஸ். தட்டுத்தடுமாறிய பாஸ்தான். சர்டிபிகேட் வாங்க அவனே பல்கலைக்கழகத்துக்கு வந்தான். புதுச் சட்டை. பர்மனன்ட் ஆர்டர் வந்துவிட்டது என்று என் மேசைமேல் ஒரு பனைவெல்ல முடிச்சை வைத்தான். ஞானப்பிரகாசம் சாரைப் பார்க்க வேண்டும் என்றான். அழைத்துப் போனேன்.

நாங்கள் மைதானத்தைத் தாண்டும்போது மத்தியான மணி அடித்தது. அவ்வளவுதான், எல்லாக் கட்டடத்திலிருந்தும் பையன்கள் திமுதிமுவென்று கொட்டினார்கள், மெஸ்ஸைப் பார்த்து. எனக்கு அது தினசரிக் காட்சி. அவன் நின்றுவிட்டான். முகம் இறுகியது. விரல் தானாக நீண்டது. கூட்டத்தை எண்ணப் பார்த்தான், முடியவில்லை. காலியான கட்டடத்தைத் திரும்பிப் பார்த்தான்.

"ஏம்மா, எல்லாரும் வந்துட்டாங்களா? உள்ள யாரும் மாட்டிக்கலியே?"

"இது சாப்பாட்டு மணிப்பா" என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். சொல்லிவிட்டு நானும் அந்தக் கட்டடத்தைத் திரும்பிப் பார்த்தேன். அத்தனை வருஷத்தில் அந்த மணிக்கு நாங்கள் எல்லாரும் ஓடியிருக்கிறோம். உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று ஒருவரும் திரும்பிப் பார்த்ததில்லை.

புதிதாக மேற்பார்வைக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் அறிவுரை கேட்பார்கள். விதிப்புத்தகத்தைப் படியுங்கள், படிக்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மணி அடித்த பிறகு ஹாலைப் பூட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை உள்ளே போங்கள். பெஞ்சு பெஞ்சாகப் பாருங்கள். எண்ணுங்கள்.